கடைசிப் பெயர்

ஏற்காட்டில் எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். நியூஜெர்சிக்கு வந்ததும் என் 'ஆர்' விரிந்து ராமசாமி ஆனது. ஆபீஸில் "மிஸ்டர் ராமசாமி" என்று கூப்பிட்டால், அப்பா வந்துவிட்டாரோ என்று பல மாதம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

2019இல் குடியுரிமைத் தேர்வு. நூறு கேள்வி படித்துப் போனேன். அப்போது பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். உறுதிமொழி எடுத்ததும் தந்த குடியுரிமைச் சான்றின் அசலை வைத்தே என் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று மட்டும் சோறு இறங்கவில்லை.

மகள் விஷயம்தான் இழுத்தது. அவள் சேலத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதுக்குள் கிரீன் கார்டோடு, குடியுரிமை பெற்ற அப்பாவோ அம்மாவோ பொறுப்பில் அமெரிக்காவில் வாழும் பிள்ளையும் தானாகவே குடிமகள். 2001 முதல் இதுதான் சட்டம். ஆனால் தானாக வந்ததற்குக் கையில் தாள் கிடையாதே! அவளுடைய பிறப்புச் சான்று, கிரீன் கார்டு, என் குடியுரிமைச் சான்று, எங்கள் திருமணப் பதிவு எல்லாவற்றையும் அசலும் நகலுமாகத் தூக்கிக்கொண்டோம். பதினாறு வயது ஆகாததால் நாங்கள் இருவருமே அவளோடு தபால் நிலையத்துக்குப் போனோம்.

கவுன்டரில் இருந்த அம்மாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மகளின் கடைசிப் பெயர் செந்தில்குமார். என்னுடையது ராமசாமி. மனைவிக்கு அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று! பிறப்புச் சான்றிலோ தந்தை பெயர் வெறும் 'ஆர்.செந்தில்குமார்'.

"இவர் நீங்கள்தானா?"

நியாயமான கேள்விதான். மனைவி என்னை முறைத்தாள். சான்று வாங்கிய காலத்திலேயே இனிஷியலை விரித்து எழுதச் சொன்னவள் அவள்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். டிசம்பர், மலையில் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். அதை விட்டுவிட்டு, என் டிசியை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் பிறப்புச் சான்று கொடுக்கும் இடத்துக்குப் போனார். இரண்டாவது நடையில் திருத்திக் கொடுத்தார்கள். முதல் நடை போய்த் திரும்பிய அன்று ராத்திரி பேசினார்.

"கண்ணு, அந்த ஆர் யாருன்னு கேட்டாங்க. நான்தானுங்கன்னேன். ஆதாரம் இருக்குதான்னாங்க. ஆதார் கார்டையே காட்டினேன். அதுல மா.ராமசாமின்னு இருக்குதா, இப்ப அந்த 'மா' யாருன்னு கேக்கறாங்க."