201-இல் ஏற்கெனவே ஆள் இருந்தது

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை செய்கிறேன். சரக்கு ஏற்றும் நாளில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எங்களிடம் இருக்கும் ஒரே லேசர் பிரிண்டரில்தான் எடுக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் அது 'ஆஃப்லைன்' ஆகிவிடும். அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது.

ஒரு சாயங்காலம் கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. ஜெனரேட்டர் ஓடுகிறது. டிரைவர் அண்ணன் மூன்றாவது டீக்குப் போய்விட்டார். சர்வீஸ் ஆள் நாளைக்குத்தான் வருவேன் என்றார். சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

பிரிண்டர் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை எடுத்தேன். நல்ல தாளை வீணாக்க வேண்டாம் என்று பழைய லெட்டர்ஹெட் ஒன்றை வைத்தேன். 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமான பிறகு, 'வேலூர் மாவட்டம்' என்று அடித்த கட்டு அப்படியே கிடக்கிறது. (எங்கள் அக்கவுண்டன்ட் சாருக்கு இன்னமும் இது வடாற்காடுதான்.) அந்தப் பக்கத்தில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரின் எண், 192.168.1.14. கம்ப்யூட்டரில் பிரிண்டர் போர்ட்டை, அதாவது எந்த எண்ணுக்கு அனுப்புகிறது என்று, பார்த்தால் 192.168.1.9. கோளாறு பிடிபட்டது. ரவுட்டர் அணைந்து எழும்போது டிஹெச்சிபி (எண்களைத் தானாகப் பங்கிடும் முறை) மூலம் பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களின் கடைசிப் பகுதி 2 முதல் 200 வரை. அப்படியானால் 201 நமக்கு. அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று பிங் அடித்துப் பார்த்தேன், பதில் இல்லை. பிரிண்டரில் 'மேனுவல்' என்று மாற்றி 192.168.1.201, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று போட்டேன். நான்கு கம்ப்யூட்டரிலும் புதிதாக டிசிபி/ஐபி போர்ட் சேர்த்தேன். பிரிண்ட் வந்தது, வண்டி கிளம்பியது. அன்றைக்கு நான்தான் ஹீரோ.

மறுநாள் காலையில் ஒரு பிரிண்ட் வருகிறது, அடுத்தது வரவில்லை. அதோடு ஹெச்ஆர் அக்கா வந்து, "ஆளுங்க கை வெச்சது எதுவும் சிஸ்டத்துல ஏறலையே தம்பி" என்றார். இரண்டையும் நான் முடிச்சுப் போடவே இல்லை. வெறுத்துப்போய் பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு 201-க்குப் பிங் அடித்தேன். பதில் வந்தது!

கேட்டில் இருக்கும் கைரேகை மெஷினின் மெனுவைத் திறந்தால் அதே 192.168.1.201. யாரோ எப்போதோ நிலையாகப் போட்டு வைத்தது. முந்தின நாள் ஏன் பதில் தரவில்லை? ஜெனரேட்டர் லைன் ஆபீஸுக்கு உண்டு, வாட்ச்மேன் ரூமுக்குக் கிடையாது. நான் பிங் அடித்தபோது மெஷின் அணைந்து கிடந்திருக்கிறது.

இந்த முறை முதலில் கேமரா ரெக்கார்டர் வரை எல்லாவற்றின் எண்ணையும் நோட்டில் எழுதினேன். அப்புறம்தான் பிரிண்டருக்கு 240 கொடுத்தேன். மறுபடி பழைய லெட்டர்ஹெட்டை, இந்தத் தடவை கட்டாகவே, ட்ரேயில் வைத்துப் பக்கம் எடுத்துச் சரிபார்த்தேன். கம்ப்யூட்டர்களிலும் போர்ட்டை மாற்றினேன். மூன்றில்தான் மாற்றியிருக்கிறேன்; பேக்கிங் செக்‌ஷன் ஞாபகத்துக்கு வரவில்லை.

மதியம் அங்கே போய் மாற்றியதும், பேக்கிங் அக்கா காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கொடுத்திருந்த பதினொரு பேக்கிங் லிஸ்ட்டும் வரிசையாக வந்து விழுந்தன. அத்தனையும் வேலூர் மாவட்டத்தில்.