தகரக் கொட்டகையில் ஒரு விமானத்துக்கு மானிகள் பொருத்திய அனுபவம்

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களைப் பார்க்க வருகிறவர்கள், உடற்கூடும் இறக்கையும் எஞ்சினும் கண்ணில் பட்டதும், “இனி என்ன, பறக்க வேண்டியதுதானே?” என்று கேட்பது வழக்கம். பேனலில் மானிகளைப் பொருத்தி, அவை காட்டும் எண்களை நம்பலாம் என்ற நிலைக்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மலேசியாவின் சித்தியவானுக்கு வெளியே, ஒரு காலத்தில் தோட்டத்து லாரிகளை நிறுத்திவந்த தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அதை ஹேங்கராக வைத்திருக்கிறோம். அங்கே நானும் என் தாய்மாமாவும் அந்த வேலையைச் செய்து முடித்த விதத்தை, இதில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விமானம் ஜெனித் சிஎச் 701. இரண்டு இருக்கைகள், அலுமினியத் தகட்டு உடல், முன்னால் 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். பாதி கட்டிய நிலையில் வேறொருவரிடமிருந்து வாங்கியது. நான் செம்பனை ஆலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மாமா தோட்டத்து லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் வயரிங் பார்த்தே ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே தகுதி, முள் காட்டுவதை உடனே நம்பிவிடாத பழக்கம்தான்.

முதல் விவாதம் திரையா, முள்ளா என்பது. இன்று ஒரே திரையில் வேகம், உயரம், எஞ்சின் நிலவரம் எல்லாம் வந்துவிடுகின்றன. எடையும் குறைவு, எஞ்சின் ஓடிய விவரங்களைப் பதிந்துவைக்கும் வசதியும் உண்டு. அந்தப் பதிவு வசதிக்காகவே நான் திரையின் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் வேகமானியும் உயரமானியும் மின்சாரமே இல்லாமல் காற்றழுத்தத்தால் மட்டும் இயங்குபவை. மின்கலம் செத்தாலும் அவை சாகா. “மாப்பிள்ளை, ஒரு ஃபியூஸ் போனா எல்லாக் கண்ணும் ஒண்ணா அவிஞ்சிடக் கூடாது” என்று மாமா சொன்னதோடு விவாதம் முடிந்தது. வட்ட மானிகளையே வைத்தோம்.

பேனலுக்கு 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள 2024-டி3 ரக அலுமினியத் தகடு. பெரிய மானிகளுக்கு மூன்றே அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 79 மில்லிமீட்டர் துளை. சிறியவற்றுக்கு 57 மில்லிமீட்டர். உலகெங்கும் இதே அளவுகள் என்பதால் துளை போடுவதில் பெரிய சிந்தனை தேவைப்படவில்லை. சிந்திக்க வேண்டியது இடத்தைப் பற்றி. அட்டையில் பேனலை வெட்டி ஒட்டி, இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, கை எதை எட்டுகிறது, கட்டுப்பாட்டுத் தண்டு எதை மறைக்கிறது என்று பார்த்த பிறகே தகட்டைத் தொட்டோம். இடப்பக்கம் வேகமானி, வலப்பக்கம் உயரமானி என்ற பழைய ஒழுங்கை மாற்றவில்லை; நாளை வேறொரு விமானி உட்கார்ந்தாலும் அவர் கண் பழகிய இடத்துக்கே போகும்.

அடுத்து வந்த குழாய் வேலைதான் முழுப் பணியிலும் என் மனத்துக்குப் பிடித்தது. எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய் வேகமானிக்கு மட்டும் போகிறது. அசைவற்ற காற்றின் அழுத்தத்தை எடுக்கும் நிலையழுத்தக் குழாய் வேகமானி, உயரமானி, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் ஏற்ற இறக்கமானி ஆகிய மூன்றுக்கும் பிரிந்து போகிறது. இரண்டின் முனைகளும் இடது இறக்கையின் கீழே சேர்ந்தே இருக்கின்றன. இறக்கையைக் கழற்றி மாட்ட வசதியாக அது உடற்கூட்டோடு சேரும் அடிப்பகுதியில் குழாய்களுக்கு இணைப்பு வைக்க வேண்டியிருந்தது. எங்கே இணைப்பு இருக்கிறதோ அங்கே கசிவு இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்தோம். நம் ஊர் ஈரத்துக்குக் குழாயில் நீர் கோக்கும் என்பதால், இரண்டு குழாய்களும் போகும் வழியிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில் நீரை வடிக்க ஒரு மூடியும் வைத்தோம்.

வேகமானியைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவத்தில் வளைத்துக் கட்டி, சாயம் கலந்த நீரை ஊற்றி, நடுவில் அளவுகோலை நிறுத்தினால் போதும். ஒரு முனையைப் பிட்டோவுடனும் ஒரு சிரிஞ்சுடனும் இணைத்து மெல்ல அழுத்தினால், இரு புற நீர்மட்டங்களின் வேறுபாடு 26 மில்லிமீட்டருக்கு வரும்போது மானி 40 நாட் (மணிக்கு 40 கடல்மைல்) காட்ட வேண்டும். 60 மில்லிமீட்டரில் 60 நாட். 106 மில்லிமீட்டரில் 80 நாட். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால்தான் இந்த எண்கள் சீராக ஏறுவதில்லை. 1732-இல் பாரிசில் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளக்க ஹென்றி பிட்டோ பயன்படுத்தியதும் இப்படி ஒரு வளைந்த குழாயைத்தான் என்பதை மாமாவிடம் சொன்னேன். அவர் அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவருக்காவது ஓடுற தண்ணி கிடைச்சது” என்றார். எங்கள் மானி 60-இல் சரியாகவும் 40-இல் சற்றுக் குறைவாகவும் காட்டியது. மெதுவாக இறங்குவதற்கென்றே பிறந்த விமானத்தில் இந்தக் கீழ்ப்பகுதிதான் முக்கியம். எனவே அந்த வேறுபாட்டை ஒரு சிறு அட்டையில் எழுதி மானியின் அருகே ஒட்டினோம்.

நிலையழுத்தக் குழாயின் கசிவுச் சோதனை இதைவிடப் பொறுமை கேட்பது. சிரிஞ்சால் காற்றை மெல்ல உறிஞ்சி, உயரமானி இருக்கும் உயரத்தைவிட 1,000 அடி கூடக் காட்டும் வரை கொண்டுபோய், குழாயை இறுக்கி மூடிவிட்டு, ஒரு நிமிடத்தில் முள் 100 அடிக்கு மேல் இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க விதிமுறை, கேபினில் அழுத்தம் ஏற்றாத விமானங்களுக்கு வகுத்திருக்கும் அளவு இது. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 1,000 அடிக்கு உரிய அழுத்தக் குறைவு ஏறத்தாழ 36 ஹெக்டோபாஸ்கல். பிட்டோவைத் திறந்து வைத்துவிட்டு நிலையழுத்தத்தை மட்டும் அந்த அளவுக்குக் குறைத்தால், வேகமானி அதை 150 நாட் வேகமாக எடுத்துக்கொள்ளும். எங்கள் மானியின் முகத்தில் அந்த எண்ணே கிடையாது, உள்ளே இருக்கும் மெல்லிய உதரவிதானம் கெட்டுப்போகும். ஆகவே இரண்டு குழாய்களையும் ஒன்றாக இணைத்தே உறிஞ்ச வேண்டும். வாயால் ஊதிப் பார்ப்பது, வாயால் உறிஞ்சுவது போன்ற பட்டறைப் பழக்கங்களை ஹேங்கர் வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஏற்ற இறக்கமானி ஒரு வேகமான மூச்சைக்கூடத் தாங்காது. எங்களுக்குக் கசிவு கிடைத்த இடம், எதிர்பார்த்தபடியே, இறக்கையடி இணைப்புத்தான். குழாய் நுனியைச் சரிந்த வெட்டு இல்லாமல் நேராக வெட்டி மறுபடி செருகியதும் முள் அசையாமல் நின்றது.

உயரமானியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு மாமா அதைத் தரையின் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டுப் போனார். மாலை நான்கு மணிக்கு வந்து பார்த்தால், கொட்டகையை விட்டு நகராத விமானம் ஏறக்குறைய 100 அடி உயரத்தில் இருந்தது. மானி கெட்டுவிட்டது என்று அவர் கழற்றவே தொடங்கிவிட்டார். கெட்டது எதுவுமில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு, இடையே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் 27 அடி. மானியின் சிறு சாளரத்தில் அப்போதைய அழுத்தத்தை வைத்தபோது முள் தன் இடத்துக்கே திரும்பியது. இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தை இவ்வளவு சுத்தமாகப் பிடித்துக்காட்டிய மானி நல்ல மானி என்றே நான் குறித்துக்கொண்டேன்.

குழாய் முனைகளை மூடிவைக்கும் உறை ஆடம்பரமல்ல. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் மண் குளவி ஒரு சிறு துளையை விட்டுவைப்பதில்லை. 1996-இல் டொமினிக்கன் குடியரசில் பிர்கனேர் விமானம் 189 பேருடன் கடலில் விழுந்ததற்கு, பிட்டோ குழாய் ஒன்று அடைபட்டதே தொடக்கம். பூச்சி கட்டிய கூடுதான் அதை அடைத்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. உறையை மறந்தாலும் ஆபத்துத்தான்: 2018 ஜூலையில், குளவிக்குப் பேர்போன பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் பிட்டோ உறைகளைக் கழற்றாமலேயே மேலெழும்பி, நம்பத்தக்க வேக அளவு இல்லாமல் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. எங்கள் உறையில் தொங்கும் சிவப்பு நாடா, விமானி ஏறும் கதவின் கைப்பிடிவரை நீள்கிறது. அதைக் கழற்றாமல் கதவைத் திறக்க முடியாது. இது மாமாவின் ஏற்பாடு.

மின்வேலையில் முதலில் கவனிக்க வேண்டியது, எஞ்சினில் இருக்கும் உணரியும் பேனலில் இருக்கும் மானியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பது. ரோட்டாக்ஸின் பழைய எண்ணெய் அழுத்த உணரி மின்தடையால் பேசும். புதியது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தால் பேசும். ஒன்றுக்கான மானியை மற்றதில் மாட்டினால் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். புகைவெப்பத்தை அளக்கும் வயரைச் செம்பு வயரால் நீட்டவும் கூடாது. அதற்கென்று அதே உலோகத்தில் வரும் வயரையே பயன்படுத்த வேண்டும்.

எங்களை உட்கார வைத்துவிட்டது எண்ணெய் வெப்பமானி. எஞ்சின் ஓடவேயில்லை, குளிர்ந்து கிடக்கிறது. தரையிறங்கும்போது போடும் முன்விளக்கைப் போட்டால் வெப்பமானியின் முள் மேலே துள்ளுகிறது, அணைத்தால் இறங்குகிறது. நான் உணரியைச் சந்தேகித்தேன். மாமா உணரியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், டெஸ்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும் மற்றொன்றை மானியின் எர்த் வயரிலும் வைத்து விளக்கைப் போடச் சொன்னார். சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் கால் வோல்ட்டுக்கு மேல் நின்றது. விளக்கும் மானிகளும் ஒரே எர்த் போல்ட்டைப் பகிர்ந்திருந்தன. முன்பு கட்டியவர் காலத்து பெயின்ட் அந்த போல்ட்டின் அடியில் அப்படியே இருந்தது. விளக்கின் மின்னோட்டம் அந்தத் தடையைத் தாண்டும்போது மானியின் எர்த் எஞ்சினின் எர்த்தைவிடச் சற்று உயர்ந்துவிடுகிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் உணரி என்பதால், மானி அந்த வேறுபாட்டைச் சூடு என்று வாசிக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைத் துலக்கியதோடு நிறுத்தாமல், மானிகளுக்கென்று தனி எர்த் வயரை மின்கலம்வரை இழுத்தோம். ஐம்பது ஆண்டு லாரி வயரிங் அனுபவத்துக்கு முன் என் ஆலைச் சான்றிதழ்கள் அன்று சற்றே கூசி நின்றன.

திசைகாட்டிக்குக் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது, ஏனெனில் தகரமும் இரும்புத் தூண்களும் சூழ்ந்த இடத்தில் அது வடக்கைக் காட்டாது. கேபின் சட்டமே எஃகுக் குழாய் என்பதால் பித்தளைத் திருகுகளையே பயன்படுத்தினோம். விமானத்தைத் திறந்த திடலுக்குத் தள்ளிப்போய், எஞ்சினும் ரேடியோவும் ஓடும் நிலையில், 30 பாகைக்கு ஒரு முறையாகச் சுற்றி நிறுத்தி, பின்னால் தள்ளி நின்று கைத்திசைகாட்டியால் ஒப்பிட்டுத் திருத்த அட்டையை எழுதினோம். வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: வட நாடுகளுக்கென்று செய்த திசைகாட்டியில், வடமுனை கீழே சாய்வதை ஈடுசெய்யத் தென்பக்கம் சிறு எடை வைத்திருப்பார்கள். நாம் காந்த நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறோம். இங்கே அந்த எடை, திசைகாட்டிக்குள் சுழலும் அட்டையை இன்னும் சாய்த்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்ட பிறகு பார்க்க வேண்டியவை குறைவு. கிளப்பிய பத்து விநாடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும், எங்களுக்கு ஏறியது. சுழற்சிமானியைச் சோதிக்க ஒளியால் அளக்கும் கைக்கருவியை விசிறியின் பக்கம் காட்டினோம். இந்த எஞ்சினின் பற்சக்கரப் பெட்டி 2.43-க்கு 1 என்பதால், விசிறி நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது மானி 2,430 காட்ட வேண்டும். கைக்கருவியில் விசிறி இதழ்களின் எண்ணிக்கையைச் சரியாக வைக்காவிட்டால் மானிமேல் வீண்பழி விழும்.

பலகைக் குழாயில் (மானோமீட்டர்) எடுத்த அளவுகள், கசிவுச் சோதனை, எர்த் வோல்ட், திசைகாட்டித் திருத்தம் அனைத்தையும் தேதியோடு விமானத்தின் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஆய்வுக்கு வருகிறவரிடம் வாய்விளக்கம் தருவதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது எளிது. தரையில் செய்ய முடியாதது ஒன்று மீதமிருக்கிறது. பலகைக் குழாய் நிரூபித்தது வேகமானியை மட்டுமே. இறக்கையின் கீழே பிட்டோ நிற்கும் இடத்தில், மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது காற்று எப்படி வருகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு, சோதனைப் பறப்பில் ஒரே வேகத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு திசைகளில் பறந்து, ஜிபிஎஸ் காட்டும் தரைவேகங்களிலிருந்து காற்றின் பங்கைக் கழித்து ஒப்பிட வேண்டும். அந்த எண்களுக்கென்று வேகமானி அட்டையில் ஒரு வரிசையைக் காலியாக விட்டிருக்கிறோம்.