வெள்ளிக் கோடும் திறந்த மூட்டையும்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தி வார்க்கும் மோல்டிங் ஷாப்பில் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் ஒரு நீளமான பிராக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஷிப்டில் மட்டும் பீஸ் முழுக்க வெள்ளிக் கோடு. ஆபரேட்டர் அண்ணன் டெம்பரேச்சரைக் குறைத்தார், ஸ்பீடைக் குறைத்தார். ம்ஹூம். கடைசியில் பார்த்தால், ராத்திரி பிரித்த நைலான் மூட்டையை யாரும் கட்டி வைக்கவில்லை. நைலான் மழைக்கால உப்பு மாதிரி, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். 80 டிகிரியில் டிரையரில் போட்டு, ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் ஓட்டினோம். கோடு போயிற்று.

பீஸ் வளைந்துபோவதுதான் பெரிய தலைவலி. பிளாஸ்டிக் ஓடும் திசையிலேயே இழைகள் படுத்துக்கொள்ளும். அந்தத் திசையில் சுருக்கம் குறைவு, குறுக்கே அதிகம்; அப்புறம் பீஸ் முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கூலிங் டைமை ஏற்றி ஏற்றி அலுத்துப்போய், கேட்டை, அதாவது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயிலை, நடுவிலிருந்து ஒரு முனைக்கு மாற்றினோம். அச்சைத் திருத்திக் கொடுக்கும் டூல் ரூம்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், நியாயம்தான். ஆனால் இழைகள் நீளவாக்கில் ஒரே சீராகப் படுத்தன. போல்ட் ஓட்டையருகே விரிசல் விட்ட வெல்டு லைனும் (இரண்டு பக்கமிருந்து ஓடிவரும் பிளாஸ்டிக் சந்தித்து ஒட்டும் கோடு) சுமை விழாத பக்கம் போய்விட்டது.

பேக் பிரஷரை, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் ஸ்க்ரூ பின்னே நகரும்போது கொடுக்கும் எதிர் அழுத்தத்தை, மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஏற்றினால் ஸ்க்ரூவுக்குள்ளேயே இழை நொறுங்கும்.