தாராவியில் வன்முறையை ஆராய வருகிறவர்களுக்கு

மும்பையில் கொலை, வெட்டுக்குத்து பற்றி சமூகவியல் ஆய்வு செய்ய வரும் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். அதில் ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தாலும், மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் வரும். கொள்ளையடித்துக் கொன்றால் அது கொலை. கொள்ளை எண்ணிக்கையில் சேராது.

கொலை எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம், பிணத்தை மறைப்பது கடினம். கத்திக்குத்து அப்படியல்ல. அதே காயம் கொலை முயற்சியாகவும் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 109) பதிவாகலாம், ஆயுதத்தால் காயப்படுத்தியதாகவும் (118) பதிவாகலாம். எனவே பிரிவை மட்டும் எண்ணாமல் காயச் சான்றிதழையும் படியுங்கள். 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளில் இவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307, 324, 326. பழைய, புதிய பிரிவுகளைப் பொருத்தாமல் வரைபடம் போட்டால் இல்லாத சரிவு தெரியும்.

இங்கே எஃப்ஐஆர் மராத்தியில் இருக்கும். திருநெல்வேலிக்காரர் சண்டையில் சொன்ன "கொன்னுருவேன்", தாளில் "ஜீவே மார்ண்யாசி தம்கி" ஆகிவிடும். வாய்ச்சண்டையின் வழக்கச் சொல் கொலை மிரட்டலாகிறது. அதனால் சம்பந்தப்பட்டவரிடம் தமிழிலேயே கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். மொழிபெயர்ப்பு பிறகு.

இன்னொன்று, மிக முக்கியமானது: ஆய்வாளருக்கு வக்கீலுக்கு உள்ளதுபோன்ற ரகசியப் பாதுகாப்பு சட்டத்தில் இல்லை. கொலை போன்ற குற்றம் தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லும் கடமையும் உண்டு. பேட்டி தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். வழக்கு பதிவாகாத சம்பவங்களைக் கேட்காதீர்கள். பெயருக்குப் பதில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.