லேசர் செய்த பத்து நாளில் பயப்படுகிறவர்களுக்கு

முடியை நீக்க லேசர் செய்த இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கறுப்புக் கறுப்பாக முடி எட்டிப்பார்க்கும். உடனே பணம் போச்சு என்று மனசு உடைந்து போகாதீர்கள், அது வளர்கிற முடி இல்லை, வேர் செத்துப்போன முடியைத் தோல் வெளியே தள்ளுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் துண்டால் ஒற்றும்போதே உதிர்ந்துவிடும். அதுவரை ட்வீசரைத் தொடவே வேண்டாம்.

முடியில் இருக்கும் மெலனின் என்ற நிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூட்டில்தான் வேர் பாதிக்கப்படுகிறது. நரைமுடியில் அந்த நிறமி இல்லாததால் அதற்கு லேசர் பலன் தராது. வேக்ஸிங், த்ரெடிங் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான், வேரோடு பிடுங்கிவிட்டால் சூடாவதற்கு உள்ளே என்ன இருக்கும்? ஷேவிங் செய்யலாம், முந்தின நாள் கட்டாயம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மாநிறமோ கறுப்போ உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே மெலனின் தோலிலும் நிறைய இருப்பதால் பொருந்தாத மெஷினில் தோல் சுட்டுப்போய்க் கருந்திட்டு விழும். கறுப்புத் தோலுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி யாக் என்ற வகை லேசர். எந்த மெஷின், முதலில் சின்ன இடத்தில் டெஸ்ட் செய்து பார்ப்பீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி? ரப்பர் பேண்டால் சுண்டின மாதிரி சுரீர் என்று இருக்கும், மேலுதட்டில் செய்யும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிடும், லேசாக முடி கருகின வாடையும் அடிக்கும். அப்புறம் ஒவ்வொரு முடிக்காலும் சிவந்து கொஞ்சம் தடிக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். கொப்புளம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வெயில் படும் இடத்துக்குச் சன்ஸ்கிரீன் தவறவே கூடாது.

ஒரே சிட்டிங்கில் முடியாது. வளரும் கட்டத்தில் இருக்கும் முடி மட்டுமே சரியாகச் சிக்கும் என்பதால் 4 முதல் 8 வாரம் இடைவெளியில் 6 சிட்டிங்காவது தேவைப்படும். அதற்குப் பிறகும் முடி நன்றாகக் குறையுமே தவிர, ஒன்றுகூட இல்லாமல் போகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு முகவாயில் புது முடி வந்துகொண்டே இருக்கலாம், ஆகவே மாதவிடாய் தள்ளித்தள்ளிப் போகிறவர்கள் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.