கைக்குழந்தைக்கு வண்ணம் கொடுக்கும்போது

“எங்க குழந்தைக்கு பெயின்ட்டே பிடிக்கல, தொட்டதும் அழுதுட்டான்” என்று பெற்றோர் சொல்வது காப்பகங்களில் வழக்கம். அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் அல்ல. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கலவை சில்லென்று இருந்திருக்கும். அல்லது முதுகு இன்னும் நிற்காத குழந்தையைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்திருப்பார்கள். விழாமல் இருப்பதற்கே இரண்டு கையும் வேண்டியிருக்கும்போது, அளைவதற்கு எந்தக் கை மிச்சம்?

உட்காராத குழந்தைக்குக் குப்புறப் படுத்தபடி செய்கிற விளையாட்டுதான் சரி. கெட்டியான பெரிய ஜிப் கவருக்குள் வெள்ளை அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் இரண்டு நிறங்களில் ஒவ்வொரு தேக்கரண்டி பெயின்ட் விட்டு, காற்றை முழுக்க அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். காற்று உள்ளே நின்றுவிட்டால் கவர் உப்பிக்கொள்ளும்; குழந்தை எவ்வளவு தட்டினாலும் நிறம் நகராது. நான்கு ஓரங்களையும் அகலமான டேப்பால் தரையோடு ஒட்டிவிட வேண்டும். டேப்பின் முனை எங்காவது கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும், குழந்தையின் விரல் வண்ணத்தை விட்டுவிட்டு அங்கேதான் போகும். பிய்த்தால் அடுத்தது வாய். பிளாஸ்டிக் மூச்சை அடைக்கக்கூடியது என்பதால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், முடிந்ததும் கவரை எடுத்துவிட வேண்டும். நிறம் இரண்டு போதும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் ஆரஞ்சு, மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. மூன்றையும் போட்டால் சேறுதான் மிஞ்சும்.

தானாக உட்காரத் தொடங்கி, திட உணவும் பழகிய குழந்தைக்குக் கூழ் வண்ணம். இதில் எல்லாமே வாய்க்குப் போகும் என்று எடுத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். அரை கப் கார்ன்ஃப்ளாரை முதலில் அரை கப் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு, பிறகு ஒன்றரை கப் வெந்நீரில் ஊற்றி, சிறு தீயில் கிளறுங்கள். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே காய்ந்த மாவோடு கட்டி தட்டிவிடும். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் பளபளப்பு வந்ததும் இறக்கலாம். ஆறினால் இன்னும் இறுகும். இறுகிவிட்டால் ஒவ்வொரு கரண்டியாக வெதுவெதுப்பான நீர் விட்டுத் தளர்த்துங்கள். மேலே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு வெகுநேரம் நிற்கும். அடிவரை கிளறி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நிறத்துக்கான பீட்ரூட் சாற்றைக் கூழ் ஆறிய பிறகு சேருங்கள். கொதிக்கும்போது விட்டால் நிறம் மங்கிப் பழுப்பாகும். மறுநாள் டயபர் மாற்றுகிறவரிடம் பீட்ரூட் விஷயத்தைச் சொல்லி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் சிவப்பைப் பார்த்து வீடே பதறிப் போகும். தயிரில் கலப்பதென்றால், அந்தக் குழந்தை ஏற்கெனவே தயிர் சாப்பிட்டு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். விளையாட்டுக்கு என்றாலும் ஒவ்வாமைக்கு அது உணவுதான்.

சிலவற்றை அறைக்குள்ளேயே விடக்கூடாது. வேகாத கோதுமை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். நிறைய உப்புப் போட்டுப் பிசைந்த விளையாட்டு மாவு உருண்டையை விழுங்கினால் உடலில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. நீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகள் குடலுக்குள்ளும் அதே வேலையைச் செய்து அடைத்துக்கொள்ளும்.

கை அச்சுக்குப் பெற்றோர் காட்டும் ஆசை தனி. உள்ளங்கையைத் தொட்டால் இறுக மூடிக்கொள்வது முதல் சில மாதங்களில் இயல்பான அனிச்சைச் செயல். விரல்களைப் பிரிக்கப் பிரிக்க முஷ்டி இறுகும், அச்சு வெறும் திட்டாக விழும். புறங்கையை மெல்ல நீவிக் கொடுங்கள். விரல்கள் தாமாக விரியும். அந்த நொடியில் ஸ்பாஞ்சால் மெல்லிசாகப் பூசி, கையை அட்டைக்குக் கொண்டுபோகாமல் அட்டையைக் கைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று எடுத்ததும் நிறுத்திவிடலாம். அச்சு பெரியவர்களுக்கான வேலை. குழந்தைக்கு அதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைத் திருப்புவது, முதுகை வளைப்பது, விரல்களை விறைப்பாக விரித்து நிறுத்துவது, இவற்றில் ஒன்று வந்தாலே போதும் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் வந்தாலும் அப்படித்தான். வாய் பட்ட கூழைக் கொட்டிவிடுங்கள், அடுத்த நாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம். கை கழுவ வெதுவெதுப்பான நீரை ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு எடுக்க எழுந்துபோவதானால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும்.