உப்பை வெளியேற்ற உடல் படும் பாடு

அப்பாவின் இரத்த அழுத்தம் 150-ஐத் தாண்டியதிலிருந்து எங்கள் வீட்டில் உப்பைப் பற்றிப் பேசாத நாளில்லை. உப்பு எப்படி அழுத்தத்தை ஏற்றுகிறது என்று அவர் கேட்டபோது, உடலில் தண்ணீரைத் தேக்கிவிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் தவறில்லை, ஆனால் பாதிதான்.

உப்பின் எடையில் சுமார் 40 விழுக்காடு சோடியம். இரத்தத்தில் அதன் செறிவு கூடும்போது தாகம் எடுக்கிறது, சிறுநீரகங்களும் நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இதனால் குழாய்களில் ஓடும் நீர்மத்தின் அளவு பெருகுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டும் சிறுநீரகங்கள் அதிலுள்ள சோடியத்தில் 99 விழுக்காட்டையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சும் சிறு பங்கைக் கூட்டியும் குறைத்தும்தான் உப்பின் கணக்கு நேர்செய்யப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள சிறுநீரகம் மிகுதியைச் சில நாட்களில் வெளியேற்றிவிடும். முதுமையாலோ நோயாலோ மரபாலோ அந்தத் திறன் குன்றியவருக்கு, அதே உப்பை வெளியே தள்ளக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது என்பது உடலியலாளர் ஆர்தர் கைட்டன் வலியுறுத்திய விளக்கம். ஒரே சமையலைச் சாப்பிடும் அம்மாவுக்கு அழுத்தம் ஏறாமல் அப்பாவுக்கு மட்டும் ஏன் ஏறியது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஓரளவு விளங்கியது.

உப்பைக் குறைத்தால் பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடந்து 2001-இல் வெளியான டாஷ்-சோடியம் ஆய்வில், வழக்கமான உணவை உண்டவர்களுக்கே, சோடியம் மிகுந்த மாதத்தைவிடக் குறைந்த மாதத்தில் மேல் அழுத்தம் (இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களில் பெரியது) சராசரியாக 6.7 புள்ளிகள் இறங்கியிருந்தது.

நாங்கள் ஏமாந்தது வேறோர் இடத்தில். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்ட அப்பா, மாலைதோறும் பொட்டலச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அதன் உறையின் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், ஒரு கோப்பைக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அப்படியானால் அந்தக் கோப்பையில் மட்டும் 2 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே பரிந்துரைக்கிறது.

சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பும் உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பக்கவாத ஆபத்து மிகுந்தவர்களிடையே அதைப் பயன்படுத்தியோருக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. அப்பாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை எங்கள் சமையலறையில் பழைய உப்புதான், அளவு மட்டும் பாதி.